ஒரே கணினி, ஐந்து பேர்: வீட்டுக் கணினியில் பயனர் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் ஒழுங்குபடுத்தும் முறை

எங்கள் வீட்டுக் கணினியில் 'கணக்கு' என்ற பெயரில் ஓர் எக்செல் கோப்பு இருந்தது. முன்னோருக்குச் செய்யும் படைப்பு வழிபாட்டுக்குப் பங்காளிகள் கொடுத்த பணம், ஓடு மாற்றிய கூலி, வீட்டு வரி, கிணறு தூர் வாரிய செலவு என்று மூன்று ஆண்டு வரவு செலவு முழுவதையும் நான் அதில்தான் எழுதி வந்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள், கணக்குப் பாடத்தின் புள்ளியியல் பகுதிக்காக ஒரு மதிப்பெண் அட்டவணையைத் தயாரித்து, பாடத்தின் பெயரையே கோப்புக்கும் வைத்து, அதே டெஸ்க்டாப்பில் சேமித்தாள். இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அதை நீக்கிவிட்டு இதை வைக்கட்டுமா என்று கணினி கேட்டது. அது தன்னுடைய பழைய கோப்புதான் என்று நினைத்து அவள் ஆம் என்றாள். ரசீதுகளையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மூன்று ஆண்டுக் கணக்கை மறுபடி எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அவள் மீது எந்தத் தவறும் இல்லை. ஐந்து பேர் புழங்கும் கணினியை ஒரே பயனர் கணக்கில், கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து வைத்திருந்த தவறு என்னுடையது. அதற்குப் பிறகு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை, மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன். எங்கள் கணினியில் இருப்பது விண்டோஸ் 11. விண்டோஸ் 10-இலும் முறை ஏறக்குறைய இதுவேதான். ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், அதை இன்னும் வைத்திருப்பவர்கள் முதலில் 11-க்கு மாறுவது நல்லது.

தனித்தனிக் கணக்கு என்றதும், வீட்டுக்குள் எதற்கு ஒளிவுமறைவு என்ற கேள்வி பெரியவர்களிடமிருந்து வரும். எங்கள் அப்பச்சியும் (என் தந்தையும்) அதைத்தான் கேட்டார்கள். நான் அவர்களுக்கு எங்கள் வீட்டையே காட்டிப் பதில் சொன்னேன். செட்டிநாட்டு வீட்டில் வளவு எனப்படும் நடு முற்றம் எல்லோருக்கும் பொது. ஆனால் வளவைச் சுற்றியிருக்கும் அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது திருமணமான ஒவ்வொருவர் குடும்பத்துக்கும், தனி. மகனுக்குத் திருமணமானதும் வேறு வைத்து, அதே கூரையின் கீழ் தனி அடுப்பும் தனி அறையும் கொடுத்தார்கள் என்றால், அது நம்பிக்கைக் குறைவால் செய்தது அன்று. ஒருவர் பாத்திரம் இன்னொருவர் பாத்திரத்தோடு கலக்கக் கூடாது, அவரவர் புழங்குவதற்கு அவரவருக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகச் செய்தது. பயனர் கணக்கு என்பது அந்த அறை. கடவுச்சொல் என்பது அதன் சாவி. எல்லோரும் பார்க்க வேண்டியதை வைக்கக் கணினியிலும் ஒரு வளவு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கணினியில் கடவுச்சொல் வந்ததற்குக் காரணமே ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்டதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் உருவாகி, 1961-இல் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், பலர் ஒரே கணினியில் வேலை செய்யும்போது அவரவர் கோப்பு அவரவரிடம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டே, கணினியில் கூடுதல் நேரம் வேண்டிய ஓர் ஆய்வு மாணவர் கடவுச்சொல் பட்டியல் முழுவதையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார் என்பதும் அந்த வரலாற்றில் உண்டு. எல்லாச் சாவியையும் ஒரே இடத்தில், பூட்டாமல் வைக்கக் கூடாது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

முதல் வேலை: நிர்வாகியைப் பிரிப்பது

கணினி வாங்கியபோது முதலில் உருவாக்கிய கணக்கு எப்போதும் 'அட்மினிஸ்ட்ரேட்டர்', அதாவது நிர்வாகி வகையைச் சேர்ந்தது. மென்பொருளை நிறுவ, நீக்க, மற்றவர்களின் கடவுச்சொல்லை மாற்ற, அவர்களின் கோப்புறைக்குள் நுழைய என எல்லாவற்றுக்கும் அதற்கு உரிமை உண்டு. பெரும்பாலான வீடுகளில் அன்றாட வேலைக்கும் அந்தக் கணக்கையே பயன்படுத்துகிறார்கள். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: நிர்வாகிக் கணக்கை அன்றாடப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மற்ற எதையும் செய்ய நேரம் இல்லையென்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

அதற்கு 'செட்டிங்ஸ்' திறந்து, 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்' என்பதற்குள் சென்று, 'ஆட் அக்கவுண்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். மின்னஞ்சல் முகவரி கேட்கும் பெட்டி வரும்போது அதை நிரப்பாமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் 'ஐ டோன்ட் ஹேவ் திஸ் பர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்' என்ற வரியைத் தொட்டு, அடுத்த திரையில் 'ஆட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், இணையத்தோடு தொடர்பில்லாத, அந்தக் கணினிக்கு மட்டும் உரிய கணக்கு கிடைக்கும். புதிய கணக்கு எப்போதும் 'ஸ்டாண்டர்ட்' என்ற சாதாரண வகையில்தான் பிறக்கும். அதன் பெயருக்கு நேரே இருக்கும் 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' வழியாக அதை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்குங்கள். பிறகு அந்தப் புதிய கணக்கில் ஒரு முறை உள்ளே நுழைந்து, கடவுச்சொல் சரியாக வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டு, அங்கிருந்தபடியே உங்கள் பழைய கணக்கைச் சாதாரண வகைக்கு மாற்றிவிடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சோதித்துப் பார்க்காமல் பழையதை இறக்கிவிட்டால், புதியதன் கடவுச்சொல்லில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

இனி எவராவது ஒரு மென்பொருளை நிறுவ முயன்றால், பெரும்பாலும் திரை மங்கி, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி வரும். வெளியேறி மறுபடி நுழைய வேண்டியதில்லை. அந்தப் பெட்டியிலேயே தட்டச்சு செய்தால் போதும். அந்த ஒரு நிமிடத் தடைதான் பயன். இலவச விளையாட்டு என்ற பெயரில் வருவதும், கணினியை வேகமாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருவதும் பெரும்பாலும் அந்த வாசலில் நின்றுவிடுகின்றன.

பெயர் வைப்பதில் கவனம்

எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் ஐயாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம் என்பதால், ஒரே வீட்டில் ஒரே பெயரில் இருவர் இருப்பது சாதாரணம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனவே பயனர் கணக்குக்குப் பெயரை மட்டும் வைக்காமல், பெயருக்கு முன்னால் போடும் விலாச எழுத்தையோ, வீட்டில் அழைக்கும் பெயரையோ சேர்த்து வையுங்கள். கணக்கு உருவாகி முதன்முறை உள்ளே நுழையும்போது, 'சி' வட்டில் 'யூசர்ஸ்' என்ற கோப்புறைக்குள் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை உண்டாகிறது. பின்னால் திரையில் தோன்றும் பெயரை மாற்றினாலும், அந்தக் கோப்புறையின் பெயர் மாறாது. ஆகவே முதலில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சுருக்கமான ஒரு பெயரைக் கொடுத்து உருவாக்கிவிட்டு, திரையில் தெரியும் பெயரைப் பிறகு தமிழில் மாற்றிக்கொள்வது நல்லது. சில பழைய மென்பொருள்கள் கோப்புறைப் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் தடுமாறுகின்றன.

அப்பச்சிக்கும் ஒரு தனிக் கணக்கு வேண்டும். பெரியவர்களுக்கு எதற்கு என்று விட்டுவிடுவது பெரிய பிழை. ஓய்வூதியத் தகவல், வங்கி, மருத்துவ அறிக்கைகள் என்று வீட்டிலேயே மிகவும் பாதுகாக்க வேண்டியவை அவர்களுடையவைதான். எழுத்தைப் பெரிதாக்கி, மவுஸின் அம்புக்குறியைத் தடிமனாக்கி, திரையில் நான்கே நான்கு படங்களை வைத்துக் கொடுத்தால் அவர்கள் தயக்கமின்றிப் பயன்படுத்துவார்கள். அந்த மாற்றங்கள் அவர்கள் கணக்குக்குள் மட்டுமே இருப்பதால், பிள்ளைகள் வந்து கலைத்துவிடுவார்கள் என்ற கவலையும் இல்லை.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்

பிறந்த தேதி, வண்டி எண், கோயில் பெயர், ஊர்ப் பெயர் ஆகிய நான்கையும் முதலில் தள்ளிவிடுங்கள். நம் ஊரில் ஒருவருடைய கோயிலும் ஊரும் தெரியாதவர் யார்? அதேபோல எல்லோருக்கும் மனப்பாடமான குறளும் பழமொழியும் கூடாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை அடுத்தடுத்து வைப்பது நினைவுக்கும் எளிது, ஊகிக்கவும் கடினம். 'உலக்கை, பம்பரம், மேகம், தபால்' என்பது போல. அச்சில் வந்துவிட்டதால் இந்த நான்கையும் நீங்கள் பயன்படுத்தக் கூடாது. உங்கள் கண்ணில் படும் வேறு நான்கைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் தமிழருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யும்போது நமக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. அப்பச்சி முதலில் வைத்த கடவுச்சொல்லில் 'தாழ்வாரம்' இருந்தது. ஒரு நாள் 'ழ' வுக்கு 'இசட்', 'எச்' இரண்டையும் அடித்தார்கள். மறுநாள் வெறும் 'எல்' அடித்தார்கள். 'தா' வுக்கு ஒரு நாள் ஒற்றை 'ஏ', இன்னொரு நாள் இரட்டை 'ஏ'. நான்காவது முறையும் தவறு என்று திரை காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்பா, நீயே பார்த்துச் சொல்லு" என்று எழுந்துவிட்டார்கள். அன்று மாலை உட்கார்ந்து, 'ழ', 'ள', 'ற', 'ண' ஆகியவை வராத, நெடில் குழப்பமில்லாத சொற்களாகத் தேர்ந்தெடுத்து, அதை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் பத்து முறை எழுதிப் பழகிய பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டோம். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை இல்லை. தமிழில் தட்டச்சு செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உள்ளே நுழையும் திரையின் கீழ் வலது மூலையில் விசைப்பலகை மொழிக் குறி இருக்கும். அது தமிழில் நின்றுகொண்டிருந்தால், விரல் சரியாகப் போனாலும் கடவுச்சொல் தவறாகிவிடும்.

மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற பழைய அறிவுரையை இப்போது யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது, கசிந்ததற்கு அடையாளம் இருந்தால் மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும் என்று கூறிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டு போவார்கள் என்பதே காரணம்.

பெரியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கடவுச்சொல்லோடு ஒரு 'பின்' எண்ணையும் வைத்துக் கொடுக்கலாம். அது அந்தக் கணினியில் மட்டுமே செல்லும் என்பதால், வெளியே தெரிந்தாலும் வேறு இடத்திலிருந்து எவரும் நுழைய முடியாது. நான்கு இலக்கத்தைவிட ஆறு இலக்கம் நல்லது. ஏ.டி.எம். அட்டையின் எண்ணையே இதற்கும் வைக்காதீர்கள்.

இணையத்தோடு தொடர்பில்லாத கணக்கை உருவாக்கும்போது விண்டோஸ் மூன்று பாதுகாப்புக் கேள்விகளைக் கேட்கும். முதல் வளர்ப்புப் பிராணியின் பெயர், பிறந்த ஊர், சிறுவயதுச் செல்லப்பெயர், முதல் பள்ளி, பெரியப்பா சித்தப்பா அத்தை மாமன் பிள்ளைகளில் மூத்தவர் பெயர் என்பது போல அவை இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இவை அனைத்தும் எல்லோருக்கும் தெரியும். எனவே உண்மையான பதிலை எழுதக் கூடாது. பிறந்த ஊருக்கு நேரே ஒரு பலகாரத்தின் பெயரை எழுதுங்கள். கணினி உண்மையைச் சரிபார்ப்பதில்லை, எழுதியது பொருந்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. எழுதிய மூன்று பதில்களையும் எங்காவது குறித்து வையுங்கள்.

கணினியின் வளவு

'சி' வட்டில், 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் 'பப்ளிக்' என்று ஒன்று இருக்கும். அதில் வைக்கும் கோப்புகள் கணினியில் கணக்குள்ள எல்லோருக்கும் தெரியும். வீட்டுப் பட்டாவின் நகல், படைப்பு வரவு செலவு, திருமணப் படங்கள், மின் இணைப்பு எண் ஆகியவற்றை நாங்கள் அங்கே வைத்திருக்கிறோம். மனைவியின் பலகார ஆர்டர் பட்டியல் அவருடைய கணக்கில்தான் இருக்கிறது. தேன்குழல் எத்தனை கிலோ, மணகோலம் எத்தனை கிலோ, யார் பாக்கி என்பதெல்லாம் அவருடைய தொழில் கணக்கு. அதில் எனக்கு வேலை இல்லை.

பொதுக் கோப்புறைக்கு நாங்கள் வைத்த விதி ஒன்றுதான்: கோப்பின் பெயரில் பொருளும் ஆண்டும் இருக்க வேண்டும். 'கணக்கு' என்று ஒற்றைச் சொல்லில் இனி எவரும் எதையும் சேமிப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அந்தக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுகிறேன்.

இந்தப் பிரிப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சாதாரணக் கணக்கில் இருப்பவர் இன்னொருவர் கோப்புறையைத் திறக்க முடியாது, ஆனால் நிர்வாகியால் முடியும். அதேபோல வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால், குறியாக்கம் செய்யப்படாத (திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கப்படாத) கோப்புகளைக் கடவுச்சொல் இல்லாமலேயே படித்துவிடலாம். 'டிவைஸ் என்கிரிப்ஷன்' வசதி உங்கள் கணினியில் இருந்தால் அதை இயக்கலாம். இயக்கினால், அதற்கு உரிய 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைக்காமல் விடாதீர்கள். அது தொலைந்தால் கோப்புகளும் தொலைந்தன.

உலாவியில் தனிப் பெயரும் தனிப் படமும் வைத்துக்கொண்டால் போதாதா என்று என் மகன் கேட்டான். போதாது. குரோமில் இருக்கும் சுயவிவரங்கள் திரைச்சீலை போன்றவை. ஒரே விண்டோஸ் கணக்குக்குள் இருப்பவர் ஒரு சொடுக்கில் மற்றவருடைய சுயவிவரத்துக்குள் போய், அவருடைய மின்னஞ்சலைப் படிக்கலாம். விண்டோஸ் கணக்கே தனியாக இருந்தால்தான் உலாவி சேமித்து வைக்கும் கடவுச்சொற்களும் தனியாக இருக்கும். வங்கியின் கடவுச்சொல்லை மட்டும் எந்த உலாவியிலும் சேமிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

விருந்தாளிகள் வரும்போது

பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர்கள் வந்து இறங்கினால், விமானச் சீட்டை அச்சிடவும் மின்னஞ்சல் பார்க்கவும் எல்லோரும் அந்த ஒரு கணினியைத்தான் தேடுவார்கள். அவர்களுக்காக ஒரு சாதாரணக் கணக்கை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். 'கெஸ்ட்' என்ற பெயரை விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கி வைத்திருப்பதால் அதை ஏற்காது. 'விருந்தாளி' என்பதை ஆங்கில எழுத்தில் வையுங்கள். அதில் உலாவியை 'கெஸ்ட்' முறையில் திறக்கச் சொன்னால், சன்னலை மூடியதும் அவர்கள் நுழைந்த தடம் உலாவியில் தங்காது. ஒருவர் தன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறாமல் ஊருக்குப் போய்விட்டாலும் பதற வேண்டாம். அவருடைய கைபேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் நம் வீட்டுக் கணினியைத் தேர்ந்தெடுத்து வெளியேற்றிவிடலாம்.

எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் எல்லோருக்கும் வர வேண்டும். திரை பூட்டிக்கொள்ளும், உள்ளே திறந்திருக்கும் வேலை அப்படியே இருக்கும். அடுத்தவர் தன் பெயரைத் தொட்டுத் தன் கணக்குக்குள் போகலாம். கணினியை நிறுத்தப் போகும்போது 'வேறொருவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்' என்ற எச்சரிக்கை வந்தால், நிறுத்தாமல் அவரைக் கூப்பிட்டுச் சேமிக்கச் சொல்லுங்கள்.

மறந்துவிட்டால்

சாதாரணக் கணக்கின் கடவுச்சொல்லை ஒருவர் மறந்தால், நிர்வாகி 'கண்ட்ரோல் பேனல்' வழியாகப் புதியதை வைத்துக் கொடுக்கலாம். ஆனால் அப்படி வெளியிலிருந்து மாற்றும்போது, அந்தக் கணக்கில் சேமித்திருந்த இணையக் கடவுச்சொற்களும், விண்டோஸ் வழியே குறியாக்கம் செய்த கோப்புகளும் கைக்குக் கிட்டாமல் போகலாம். எனவே முதலில் பாதுகாப்புக் கேள்விகளை முயன்று பார்த்துவிட்டு, கடைசி வழியாகவே இதை வையுங்கள்.

நிர்வாகியின் கடவுச்சொல்லே மறந்துவிட்டால்தான் உண்மையான சங்கடம். எங்கள் வீட்டில் அதையும், மூன்று கேள்விகளின் பதில்களையும், மீட்புத் திறவுகோலையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே நானும் மனைவியும் கையொப்பமிட்டு, அப்பச்சியின் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய உறையை எரித்துவிட்டுப் புதிய உறையை வைக்கிறோம். பெட்டியின் சாவி ஆத்தாவிடம் (என் தாயிடம்) இருக்கிறது.

ஒருவர் வீட்டை விட்டுப் போகும்போது

மகன் கல்லூரிக்காகக் கோவை சென்றதும் அவன் கணக்கை நீக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவசரப்படாததற்காக இன்று மகிழ்கிறேன். 'செட்டிங்ஸ்' வழியாக ஒரு கணக்கை நீக்கும்போது, அதன் டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் எல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். பொங்கல் விடுமுறைக்கு அவன் வந்தபோது பக்கத்தில் உட்கார வைத்து, வேண்டியதை ஒரு வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகுதான் நீக்கினோம்.

அப்பச்சியின் கூகுள் கணக்குக்கு வேறு ஏற்பாடு. 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற பகுதியில், கணக்கு எத்தனை மாதம் பயன்படாமல் கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எவற்றை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று உரியவரே குறித்து வைக்கலாம். காலத்தை 3 மாதம் முதல் 18 மாதம் வரை வைக்கலாம், அதிகபட்சம் 10 பேரைக் குறிக்கலாம். இதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நான் பல நாள் தயங்கினேன். சொன்னபோது அவர்கள் சற்றும் கலங்கவில்லை. "உயில் எழுதுற மாதிரிதானே" என்று சொல்லிவிட்டு, என் பெயரையும் தம்பி பெயரையும் தாங்களே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்து, காலம் ஆறு மாதம் போதும் என்று தேர்ந்தெடுத்தார்கள்.